ஒரே கார், இரண்டு வேலை: பசறை இறக்கமும் கால் மைல் ஓட்டமும்

லுணுகலையிலிருந்து எந்தப் பக்கம் காரை எடுத்தாலும் ஸ்டியரிங்கை ஒடிக்காமல் ஒரு மைல் போக முடியாது. பேராதனையில் தொடங்கும் ஏ5 வீதி நுவரெலியா, வெலிமடை, பதுளை, பசறை வழியாக லுணுகலைக்கு வந்து, பிபிலைக்கு இறங்கி, மகாஓயாவைத் தாண்டிச் செங்கலடியில் முடிகிறது. நேரான பாதை என்று சொல்லத்தக்கது மலையை விட்டு இறங்கிய பிறகுதான் வரும். ஹொப்டன், மடுல்சீமை, அடாவத்தைப் பக்கத்துத் தோட்டப் பாதைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எதிரே கொழுந்து லொறி வந்தால் இரண்டில் ஒருவர் பின்னுக்கு எடுத்தே ஆக வேண்டும்.

இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, நின்ற இடத்திலிருந்து 402 மீற்றரை எத்தனை விநாடியில் கடப்பது என்ற கால் மைல் ஓட்டத்துக்குக் காரைத் தயார்செய்ய நினைப்பது பலருக்கு வேடிக்கையாகத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. மலைநாட்டுக்கு மோட்டார் பந்தயம் புதியதல்ல. நுவரெலியா மாகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டம் 1934இல் தொடங்கியது. பதுளை மாவட்டத்திலேயே தியத்தலாவையில் ஃபொக்ஸ் ஹில் பந்தயத் தளம் இருக்கிறது. ஏப்ரல் மாதம் வந்தால் பண்டாரவளை, பதுளை கராஜ்களில் பேச்சே வேறு. ஆனால் கால் மைல் ஓட்டத்துக்கு வேண்டியது நீளமான, சமமான தளம். அதனால்தான் உலகெங்கும் இந்த விளையாட்டு பழைய விமான ஓடுதளங்களில் வளர்ந்தது. அமெரிக்காவில் வாலி பார்க்ஸ் 1951இல் இதற்கென்று சங்கம் அமைத்த காலத்திலும் அதுதான் நிலைமை. நம் நாட்டில் அப்படி ஒரு தளம் வேண்டுமென்றால் கட்டுகுருந்தை மாதிரிக் கடலோர ஓடுதளத்துக்கு இறங்க வேண்டும். அதாவது ஓட்டத்துக்குப் போகிற காரும், ஓட்டம் முடிந்து இருட்டில் மலையேறி வீடு வருகிற காரும் ஒன்றே. இழுத்துப் போக லொறி வைத்திருப்பவர்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிவிடலாம்.

மற்றவர்களுக்கு என் கணக்கு இதுதான். அரை மணி நேரத்தில் மாற்றி, அரை மணி நேரத்தில் திருப்பி வைக்கக்கூடியதை ஓட்டத்துக்காக மாற்றுங்கள். டயர்க் காற்று, பூஸ்ட் நிலை, பின் சீட், ஸ்பெயார் வீல் எல்லாம் இந்த வகை. கிளச், கியர், ஸ்பிரிங், பிரேக் போன்று கழற்றி மாட்ட ஒரு நாள் பிடிக்கிறவற்றை இறக்கத்தை மனதில் வைத்துத் தெரிவு செய்யுங்கள். இரண்டும் மோதுகிற இடத்தில் இறக்கமே வெல்ல வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு டொயோட்டா ஸ்டார்லெட் ஈபி82 ஜிடி டேர்போவை வைத்துக்கொள்கிறேன். 1,331 சிசி, 16 வால்வு, 4ஈ-எஃப்டிஈ எஞ்சின், 135 குதிரைவலு, காரின் நிறை 850 கிலோ அளவு. உங்களிடம் இருப்பது டேர்போ இல்லாத ஸ்டார்லெட்டோ, பழைய சிவிக்கோ, ஒரு மினியோ ஆனாலும் கணக்கு மாறாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கும் வரை இந்தப் பழைய கார்களின் விலை ஏறிய வேகம் எல்லாருக்கும் தெரியும். இன்று ஒன்றைக் கெடுத்தால் இன்னொன்று வாங்குவது லேசில்லை. ஆகவே எஞ்சினில் கை வைக்கும் முன் கம்பிரஷன் பாருங்கள். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று கிட்ட நிற்காத எஞ்சினை டியூன் செய்வது காசைக் கரியாக்குவது.

நிறை

கால் மைல் நேரத்தை ஏறக்குறையச் சொல்ல ஒரு பழைய வாய்பாடு உண்டு. கார், ஓட்டுநர், பெட்ரோல் எல்லாம் சேர்ந்த நிறையைக் கிலோவில் எடுத்துக் குதிரைவலுவால் வகுக்க வேண்டும். அதன் கன மூலத்தை 7.58ஆல் பெருக்கினால் விநாடி வரும். நம் ஸ்டார்லெட்டில் ஆளும் பெட்ரோலும் சேர்த்து 940 கிலோ, 135 குதிரைவலு என்றால் சுமார் 14.5 விநாடி. 60 கிலோ குறைத்தால் 14.2. நிறையைத் தொடாமல் 30 குதிரைவலு கூட்டினால் 13.5. டயர் நன்றாகப் பிடிக்க வேண்டும், புறப்பாடு ஒழுங்காக அமைய வேண்டும். அப்போதுதான் இந்த எண்கள் கிடைக்கும். ஒப்பிட்டுப் பார்க்க இது போதும்.

விநாடியை மட்டும் பார்த்தால் குதிரைவலுதான் லாபம் என்று தோன்றும். அதில் பொய்யில்லை. ஆனால் குதிரைவலு கிடைப்பது காரை முடுக்கும்போது மட்டும். குறைத்த கிலோவோ பிரேக் பிடிக்கும்போது, வளைவில் திரும்பும்போது, மலையேறும்போது, பெட்ரோல் அடிக்கும்போது எல்லாம் உதவும். 2022இல் கியூஆர் அட்டையைக் காட்டி வாரத்துக்கு 20 லீற்றர் வாங்கிய நாட்களை மறக்காதவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எதைக் கழற்றுவது? நம் பக்கத்துக் கார்களில் முதலில் கண்ணில் படுவது டிக்கியில் இருக்கும் பாட்டுப் பெட்டி. அம்ப்ளிபயர், ஸ்பீக்கர், பலகைப் பெட்டி எல்லாம் சேர்ந்து ஒரு மூட்டை அரிசி நிறை வந்துவிடும். அதை நிரந்தரமாகவே இறக்கிவிடுங்கள். அடுத்தது பெரிய அலாய் வீல். 14 அங்குல வீல் இருந்த இடத்தில் 17 அங்குலம் போட்டால் ஒவ்வொரு மூலையிலும் சில கிலோ கூடுகிறது. அது சுழலும் நிறை என்பதால் முடுக்குவதற்கும் நிறுத்துவதற்கும் அதன் சுமை தராசு காட்டுவதைவிட அதிகம். டயரின் பக்கச் சுவரும் மெலிந்துபோவதால் மடுல்சீமைப் பாதையில் ஒரு குழிக்கு வீல் வளையும். அழகுக்காகப் போட்டவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதை டியூனிங் என்று சொல்லாதீர்கள்.

ஸ்பெயார் வீல், ஜக், பின் சீட், டாங்கியில் அரைக்கு மேல் உள்ள பெட்ரோல் ஆகியவற்றை ஓட்டத் தளத்தில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஏற்றுங்கள். 30 லீற்றர் பெட்ரோல் 22 கிலோ வரும். இவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தால் என்ன என்று கேட்பீர்கள். பின்பக்கம் இலேசான முன்சக்கர இழுவைக் கார் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பாரம் முழுக்க முன்னுக்குப் போய்விடும். பின் சக்கரத்துக்கு இருக்கும் பிடிப்பு இன்னும் குறையும். ஈரமான வளைவில் வால் வெளியே போவது அப்படித்தான். தவிர, பசறைக்கும் லுணுகலைக்கும் நடுவில் இரவில் டயர் போனால் ஸ்பெயார் வீட்டில் இருப்பதால் பயன் என்ன?

சீட் பெல்ட், கதவுக்குள் இருக்கும் இரும்புச் சட்டம், வைப்பர், கண்ணாடியில் படியும் பனியை அகற்றும் ஹீட்டர் இவற்றில் கை வைக்க வேண்டாம். கடலோரத்தில் எழுதப்பட்ட டியூனிங் புத்தகங்கள் ஹீட்டரைக் கழற்றச் சொல்லும். அவற்றை எழுதியவர்கள் மார்கழி மாதத்தில் ஹப்புத்தளை தாண்டி வந்திருக்க மாட்டார்கள்.

இறக்கம்

பதுளைக் கராஜ் ஒன்றில் காதில் விழுந்த பேச்சு இது.

“பாஸ், பூஸ்ட்ட ஒரு பாருக்கு ஏத்திக் குடுங்க. செலவப் பத்தி யோசிக்க வேணாம்.”

“ஏத்தலாம் தம்பி. ஏத்திட்டு ஹாலி எல எறக்கத்துல எதப் புடிச்சு நிப்பாட்டுவீங்க? பிரேக் ஒயில் எப்ப மாத்துனது?”

தம்பிக்குப் பதில் தெரியவில்லை. பாஸ் பொனெட்டைத் திறந்து பிரேக் ஒயில் டப்பாவின் மூடியைக் கழற்றிக் காட்டினார். வாங்கும்போது இளமஞ்சளாக இருக்க வேண்டிய ஒயில் பிளேன்டீ நிறத்தில் இருந்தது.

அந்தக் கேள்வியின் கனத்தை எண்ணில் பார்ப்போம். 940 கிலோ கார் கால் மைல் முடிவில் மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்தில் இருக்கிறது. அதை நிறுத்த பிரேக் உறிஞ்ச வேண்டிய சக்தி சுமார் 820 கிலோஜூல். அதே கார் 1,225 மீற்றர் உயரத்துப் பண்டாரவளையிலிருந்து 680 மீற்றர் உயரத்துப் பதுளைக்கு இறங்கும்போது விட வேண்டிய சக்தி 5,000 கிலோஜூல். கால் மைல் முடிவில் ஆறு தடவை முழு பிரேக் பிடிப்பதற்குச் சமம். பந்தயத்தில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவில் பிரேக் ஆற நேரம் கிடைக்கும். இறக்கத்தில் கிடைக்காது. இரண்டாம், மூன்றாம் கியரில் இறங்கி எஞ்சினைக் கொண்டு பிடிப்பவருக்கு இதில் பெரும்பகுதி பிரேக்குக்குப் போகாது. நியூட்ரலில் விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிப்பவருக்கு முழுதும் பிரேக்கில்தான் விழும். பெட்ரோலும் உண்மையில் மிச்சமாவதில்லை. இஞ்செக்டர் உள்ள எஞ்சினில் கியரில் வைத்து அக்ஸிலரேட்டரை விட்டால் பெட்ரோல் அடிப்பதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சினை ஓட வைக்கப் பெட்ரோல் போகும்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அது 140க்கு இறங்கலாம். டொட் 4இல் இவை 230, 155. ஒயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் வரும். பெடல் தரை வரை போகும், கார் நிற்காது. பதுளைப் பக்கம் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மழை கொட்டுகிற இடம். டொட் 4 போடுங்கள், பெப்ரவரியில் வருடம் ஒருமுறை மாற்றுங்கள். இந்த நூலில் சொல்லும் வேலைகளில் மலிவானது இதுவே.

மாற்றும்போது பின் இடது சக்கரமா முன் வலது சக்கரமா முதலில் என்பது காருக்குக் கார் மாறும், கைநூலைப் பாருங்கள். நிப்பிளில் தெளிவான டியூப்பை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் புது ஒயில் உள்ள போத்தலுக்குள் முக்கி வையுங்கள். ஒருவர் பெடலை மெதுவாக அமுக்கிப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து மூட வேண்டும். மூடுவதற்கு முன் பெடலை விட்டால் காற்று உள்ளே போய்விடும். டியூப்பில் குமிழ் வருவது நின்று, ஒயிலின் நிறம் வெளுக்கும் வரை விடக்கூடாது. மேலே டப்பாவில் ஒயில் வற்றாமல் பார்த்துக்கொள்ள மூன்றாவது ஆள் இருந்தால் நல்லது.

பிரேக் பேட் வாங்கும்போது ரேஸ் பேட் என்று எழுதியதைத் தேடாதீர்கள். அவற்றில் பல சூடேறிய பிறகே நன்றாகப் பிடிக்கும். காலையில் வீட்டை விட்டு இறங்கும் முதல் வளைவில் அவை குளிர்ந்தே இருக்கும். நல்ல கம்பனியின் வீதிப் பேட் போதும். நேர் ஓட்டக் கார்களில் நிறை குறைக்கப் பின் பிரேக்கைச் சிறிதாக்குவதும் ஒரு வழக்கம். அது நமக்கு வேண்டாத வேலை.

2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் போன பஸ் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்து பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தப் பாதையின் ஓரம் எவ்வளவு கிட்ட இருக்கிறது என்பது இந்த ஊர்க்காரருக்குத் தெரியும். உங்கள் டியூனிங் தப்பைப் பொறுத்துக்கொள்ள அங்கே அரை அடி மண்ணும் கிடையாது.

காற்று

மலையில் டியூன் செய்து கடலோரத்தில் ஓடுகிறவர் மறக்கக்கூடாத விடயம் காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கல். பதுளையில் சுமார் 93, நுவரெலியாவில் 81. டேர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு வலுவை இழக்கும். நுவரெலியாவில் கார் சோம்பலாக ஓடுகிறது என்று பிளக்கையும் கொயிலையும் மாற்றுபவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் காசு மிச்சம்.

பெரிய ஆபத்து இறங்கும்போதுதான். காபுரேட்டர் உள்ள மினியோ லான்சரோ வைத்திருப்பவர் பண்டாரவளையில் புகை வராமல், பிளக் மண்ணிறமாக நிற்கும்படி ஜெட்டைச் சிறிதாக்கி வைத்திருப்பார். அங்கே அது சரி. அதே ஜெட்டோடு கட்டுகுருந்தைக்குப் போனால் காற்று கனம், பெட்ரோல் போதாது. முழு அக்ஸிலரேட்டரில் கலவை மெலிந்து, பிஸ்டன் உச்சி உருகும். ஒன்றிரண்டு அளவு பெரிய மெயின் ஜெட்டைப் பையில் கொண்டுபோய், தளத்தில் மாற்றி, ஒரு ஓட்டத்துக்குப் பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பிளக் பீங்கான் வெள்ளையாக இருந்தால் அன்றைக்கு ஓட வேண்டாம். சிறு வெள்ளிப் புள்ளிகள் தெரிந்தால் அவை பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம்.

ஸ்டார்லெட் டேர்போ போன்ற எஞ்சின் இன்டேக்கின் அழுத்தத்தை சென்சார் மூலம் அளந்து பெட்ரோலைக் கணக்கிடும். உயர மாற்றத்தை அது ஓரளவு தானே சரிசெய்துகொள்ளும். சூட்டை மட்டும் நாம்தான் பார்க்க வேண்டும். பதுளைக் காலையில் உள்ளே போவது 20 பாகைக் காற்று. கடலோரத்து வெயிலில் 32. இன்டர்கூலர் சூட்டில் ஊறிய பிறகு இன்னும் மேலே. சூடான காற்றில் நொக் சீக்கிரம் வரும். மலையில் ஒழுங்காக ஓடிய இக்னிஷன் டைமிங் கீழே தட்டத் தொடங்கும். இரண்டு பாகை பின்வாங்கி வைத்துவிட்டுப் போவது புத்தி.

டேர்போவின் இரண்டு நிலை

ஈபி82 ஜிடியின் முதல் வகைகளில் டாஷ்போர்ட்டிலேயே ஒரு சுவிட்ச் இருந்தது. ஒரு நிலையில் பூஸ்ட் சுமார் 0.4 பார், மறுநிலையில் 0.65. இந்த அத்தியாயம் முழுக்க நான் சொல்ல வருவதைக் கம்பனிக்காரரே ஒரு சுவிட்சில் செய்து வைத்திருந்தார்கள். இன்று எலெக்ட்ரோனிக் பூஸ்ட் கொன்ட்ரோலர் போட்டு அதே ஏற்பாட்டைச் செய்யலாம். வீதிக்குத் தாழ்வு, தளத்துக்கு உயர்வு. வீதி நிலையை 92 ஒக்டேன் பெட்ரோலுக்கு அமையுங்கள். மலைப்பக்கத்தில் எல்லா ஷெட்டிலும் 95 கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். உயர் நிலையை 95க்கு மட்டும் வையுங்கள், டாங்கியில் 92 இருக்கும்போது அந்தப் பக்கம் கையே போகக்கூடாது.

0.85 பார் அளவில் இந்த எஞ்சினின் மூளை பெட்ரோலை நிறுத்தும். கார் எதிலோ முட்டியது போல வெட்டும். அதைத் தாண்ட, சென்சாருக்குப் போகும் குழாயில் ஒரு சிறு வால்வைப் போட்டு அதை ஏமாற்றுகிற பழக்கம் உண்டு. ஏமாறுவது சென்சார் மட்டும் என்றால் பரவாயில்லை. கூடிய அழுத்தம் எஞ்சினின் மூளைக்குத் தெரியாததால் அதற்கேற்ற பெட்ரோலும் வராது. அந்த அளவைத் தாண்ட விரும்பினால் இஞ்செக்டர், பெட்ரோல் பம்ப், திருத்தி எழுதக்கூடிய கொம்பியூட்டர் எல்லாம் சேர்த்துச் செய்ய வேண்டும். சைலன்சர்க் குழாயில் வைட்பேண்ட் சென்சார் பூட்டி, முழு பூஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதம் 11.5க்கும் 12க்கும் நடுவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். 12.5க்கு மேல் ஏறினால் காலை எடுங்கள். அவ்வளவு செலவு முடியாதவர்கள் 0.65இல் நின்று 60 கிலோவைக் குறைத்தாலே போதும். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு நான் சொல்வது அதைத்தான்.

மலையில் வலு குறைகிறதே என்று பூஸ்ட்டைக் கூட்டி ஈடுகட்டுவதும் வேண்டாம். மெல்லிய காற்றில் அதே பூஸ்ட்டைக் கொடுக்கவே சிறிய டேர்போ கூடச் சுழல வேண்டியிருக்கும். கூட்டினால் அது சூட்டைத்தான் தரும்.

சூடு என்றதும் தெர்மோஸ்டாட் நினைவுக்கு வருகிறது. எஞ்சின் சூடேறுகிறது என்று போனால் “வால்வக் கழட்டி எறிஞ்சிருங்க” என்று சொல்லும் கராஜ்கள் இன்னும் இருக்கின்றன. கழற்றினால் நீண்ட இறக்கத்தில் எஞ்சின் குளிர்ந்துபோகும். கொம்பியூட்டர் எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டும், அது ஒயிலில் கலக்கும். சூடேறுவதன் காரணம் பெரும்பாலும் அடைபட்ட ரேடியேட்டர், சுற்றாத ஃபேன், அல்லது பழைய மூடி. லொறிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறும்போது எதிர்க்காற்று கிடையாது, ஃபேன்தான் எல்லாம். அதைச் சரிசெய்யுங்கள்.

புறப்பாடு

முன்சக்கர இழுவைக் காருக்குக் கால் மைலில் பிறவிக் குறை ஒன்று உண்டு. முடுக்கும்போது பாரம் பின்னுக்குப் போகும், இழுக்கிற சக்கரமோ முன்னால். 2.3 மீற்றர் சக்கர இடைவெளியுள்ள ஸ்டார்லெட் பலமாகப் புறப்படும்போது ஏறக்குறைய 100 கிலோ முன் சக்கரத்திலிருந்து பின்னுக்கு நகர்கிறது. இதைக் குறைக்கவே காரைத் தாழ்த்துகிறார்கள். நம் பாதையில் ஓரளவுக்கு மேல் தாழ்த்தினால் சம்ப் அடிபடும். அதற்குப் பதில் இறுக்கம் மாற்றக்கூடிய பின் டம்பர் போடுங்கள். தளத்தில் பின்னால் இறுக்கி, பின் டயரில் 40 பிஎஸ்ஐ காற்று வைத்தால் பின்பக்கம் குந்துவது குறையும். முன் டயரில் காற்றைப் படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள். வீதி டயர் என்றால் 26க்குக் கீழே போக வேண்டாம். திரும்பும்போது கைநூல் சொல்லும் அளவுக்குக் காற்றடித்து, டம்பரைத் தளர்த்திய பிறகே மலைப் பக்கம் காரைத் திருப்புங்கள். பின்னால் இறுக்கமும் 40 பிஎஸ்ஐயுமாக ஈரமான பசறை வளைவில் பிரேக் பிடித்தால் கார் சுற்றும்.

கிளச்சில்தான் பலர் தவறான பொருள் வாங்குகிறார்கள். நாலு வில்லை வைத்த ரேஸ் கிளச் பிளேட் விட்டால் பிடிக்கும், பிடித்தால் விடும், நடுவே எதுவும் கிடையாது. ஏற்றத்தில் கொழுந்து லொறிக்குப் பின்னால் நின்று நின்று புறப்படும்போது அதோடு படும் பாட்டை ஒரு நாள் பட்டால் போதும். முழு வட்டமான சாதாரணப் பிளேட்டும் கொஞ்சம் பலமான பிரஷர் பிளேட்டும் 165 குதிரைவலு வரை தாங்கும். ஃப்ளைவீலைக் கடைந்து இலேசாக்குவதும் ஒரு நாகரிகம். புறப்படும் கணத்தில் காரைத் தள்ளுவதில் ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் சுழற்சிக்கும் பங்கு உண்டு. அதைக் குறைத்தால் ஏற்றத்தில் எஞ்சின் நின்றுபோகும், தளத்திலும் புறப்பாடு மந்தமாகும். கம்பனி நிறையிலேயே விடுங்கள்.

கையில் கொஞ்சம் காசு இருந்தால் பல்சக்கர வகை லிமிட்டட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் போடுங்கள். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் மட்டும் புகைந்து நிற்கும். கிளச் தட்டு வகை தளத்தில் இன்னும் பலமாகப் பிடிக்கும், ஆனால் ஈரமான கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கைக் கையிலிருந்து பறிக்கும். பல்சக்கர வகை இரண்டு இடத்துக்கும் ஒத்துப்போகும்.

தளத்தில் முழு நேரத்தைவிட முதல் 60 அடிக்கான நேரத்தைப் பாருங்கள். அங்கே பத்தில் ஒரு விநாடி குறைந்தால் முடிவில் அதைவிடக் கூடுதலாகவே குறையும். இந்தக் காரில் முதல் கியரில் சக்கரம் சுழன்றால் நேரம் அங்கேயே போய்விட்டது. முதல் கியரை உயர் பூஸ்ட் இல்லாமல் எடுத்து, இரண்டாம் கியரில் பூஸ்ட்டை வரவிடுகிற கொன்ட்ரோலர்கள் உண்டு. அவை இல்லாதவர்களுக்குக் காலும் பழக்கமும்தான். பச்சை விளக்கு எரிந்து எத்தனை நேரத்தில் புறப்பட்டீர்கள் என்பது ஓட்ட நேரத்தில் சேராது, கார் கோட்டை விட்டு நகரும்போதே கடிகாரம் தொடங்கும். ஆகவே காரைச் சோதிக்க வந்த நாளில் அவசரப்படாதீர்கள்.

சட்டமும் இடமும்

எஞ்சினை மாற்றினால், நிறத்தை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் சொல்லிப் பதிவுப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். வருடாந்தப் புகைப் பரிசோதனையில் தேறாமல் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது. கெட்டலிட்டிக் கொன்வெர்ட்டரை எடுத்து நேர்க்குழாய் போடுகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை பழசைத் திருப்பி மாட்டிக்கொண்டு அலைவதைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சிறிய டேர்போவில் அதனால் வரும் லாபம் அந்த அலைச்சலுக்குப் பெறாது. சத்தத்துக்குப் பொலிஸ் மறிப்பது தனிக்கதை.

மகியங்கனைப் பக்கத்து நேர்ப் பாதையைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்வார்கள். இரவு இரண்டு மணிக்கு ஆளே இருக்காது என்பார்கள். காருக்கு வீதியில் உச்ச வேகம் ஊருக்குள் 50, வெளியே 70 கிலோமீற்றர். உங்கள் ஸ்டார்லெட் இரண்டாம் கியர் முடிவதற்குள் அதைத் தாண்டிவிடும். யானையும் மாடும் விளக்கில்லாத சைக்கிளும் வருகிற பாதை அது.

ஏற்பாடு செய்த தளத்திலும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில்லில் பந்தயக் கார் ஓடுபாதையை விட்டு விலகிப் பார்வையாளர் பக்கம் பாய்ந்ததில் ஒரு சிறுமி உட்பட 7 பேர் இறந்தார்கள். வீட்டாரைக் கூட்டிப் போனால் தடுப்புக்குப் பின்னால், உயரமான இடத்தில், புறப்படும் கோட்டுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். காரின் வேகம் கூடக் கூட ஆபத்தும் கூடும் என்பதால் முடிவுக் கோட்டுக்குக் கிட்ட யாரையும் நிற்க விடாதீர்கள். ஏற்பாட்டாளர்கள் தடுப்பு வைக்காத தளத்தில் பணம் கட்டியிருந்தாலும் ஓடாமல் திரும்பி வாருங்கள்.

கடைசியாக உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து விலக்குகள் என்ற பகுதியை வாசியுங்கள். பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் ஏற்படும் சேதத்துக்குச் சாதாரண மோட்டார் காப்புறுதி பணம் தராது.